மரமறுப்புத் தொழில் வரலாறு

மரமின்றி மனையில்லை, கலமில்லை, ஏருமில்லை. ஆயினும் நின்ற மரம் தானே பலகையாவதில்லை. தச்சன் உளியெடுக்குமுன் மரமறுப்போன் வாள் தன் வேலையை முடித்திருத்தல் வேண்டும். அவ்வாளின் வரலாற்றைச் சுருங்கக் கூறி, அதனால் நாம் அறியத்தக்கது இதுவெனக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

பண்டு ஐரோப்பாவில் இஃது இருவர் தொழிலாக இருந்தது. பள்ளத்தின்மேல் அடிமரத்தைக் கிடத்தி, ஒருவன் மேலே நின்று கோடு பிறழாது வாளைச் செலுத்துவான். மற்றவன் பள்ளத்துள் நின்று, கண்ணிலும் வாயிலும் தூள் விழ, கீழ்நோக்கி இழுப்பான். நம் நாட்டு மரமறுப்போரும் இருவராய் வாளிழுத்த காட்சியை முதியோர் பலர் அறிவர்.

பொறியால் வாளியக்கும் முறையும் பழையதே. துருக்கி நாட்டு ஹீராப்போலிஸ் என்னும் தொன்னகரில், கி. பி. 3ஆம் நூற்றாண்டுக் கற்பேழை ஒன்றில், நீர்ச்சக்கரத்தால் கல்லறுக்கும் வாட்கள் செதுக்கப்பட்டுள்ளன. ஒல்லாந்து நாட்டுக் கொர்னேலிஸ் கொர்னேலிஸ்ஸோன் என்பார் காற்றாலையால் மரமறுக்கும் பொறிக்கு 1593இல் தனியுரிமை பெற்றார். ஆம்ஸ்டர்டாம் நகரத்து மரமறுப்போர் இதனை எதிர்த்தமையின், அருகேயுள்ள ஸான் ஆற்றங்கரையில் அவ்வாலைகள் பல்கின. அங்கே கப்பல் கட்டும் தொழிலும் செழித்தது.

இலண்டன் மாநகரின் லைம்ஹவுஸ் பகுதியில் சார்லஸ் டிங்லி என்னும் வணிகர் அத்தகைய ஆலையொன்றை அமைத்தார். 1768ஆம் ஆண்டு மே 10ஆம் நாள், மரமறுப்போர் ஏறக்குறைய 500 பேர் திரண்டு அதனை அழித்தனர். ஆலைகளை அழிப்போர்க்குக் கடுந்தண்டம் விதிக்கும் சட்டம் மறுஆண்டே பிறந்தது. அவர் செய்கை தவறே. அவர் பசி பொய்யன்று. வாள் அவர் கையினின்று ஆலையுடையான் கைக்குப் பெயர்ந்தது. அதுவே அவருக்குற்ற துன்பமென்க.

பின்னர் வந்ததே சங்கிலி ரம்பம். ஜெர்மனி நாட்டு அண்ட்ரியாஸ் ஸ்டீல் 1929இல் செய்த பெட்ரோல் ரம்பம் 46 கிலோ எடையுள்ளது, இருவர் தாங்கவேண்டியது. 1950இல் அவர் நிறுவனம் ஒருவரே ஏந்தும் ரம்பத்தை வெளியிட்டது. அமெரிக்க மரவெட்டியாகிய ஜோசப் காக்ஸ், 1946இல் மரந்துளைக்கும் வண்டின் புழு தன் தாடைகளால் இருபுறமும் மாறி மாறி அரித்துச் செல்வதை நோக்கி, அவ்வண்ணமே பல்லமைத்த சங்கிலியொன்றை ஆக்கினார். இக்காலத்துச் சங்கிலிகள் பலவும் அதன் வழிவந்தனவே.

இற்றைநாளில், வீழ்ந்த மரத்தை அது கிடக்குமிடத்திலேயே இக்கருவியால் பலகையாக்குவோர் பல நாடுகளில் உளர். நேரான பலகையொன்றை அடிமரத்தின்மேல் பொருத்தி முதல் அறுப்பை முடிப்பர். அதனாலாகிய சமதளமே அடுத்த அறுப்புக்கு வழிகாட்டும். குறுக்கே வெட்டும் சங்கிலியின் பல் ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் தீட்டப்படும். நெடுக்கே அறுப்பதற்கு 10 பாகையே தகும். இம்முறையில் பட்டை ரம்பத்தினும் மிகுதியான மரம் தூளாகிப் போகும். ஆயினும் வண்டிக்கூலியும் ஆலைக்கூலியும் மிஞ்சும். அறுத்த பலகைகளை இடையிடையே குச்சிகள் வைத்து நிழலில் அடுக்கி, முனைகளில் வண்ணம் பூசிக் காயவிடல் வேண்டும். ஓரங்குலக் கனத்திற்கு ஓராண்டு என்பது தொழிலறிந்தோர் கணக்கு. கண்ணுக்கும் காதுக்கும் காலுக்கும் காப்பின்றி இக்கருவியைத் தொடுதல் உயிரோடு விளையாடுதலாம்.

ஆலைக்குச் சென்ற வாள் இவ்வாறு மரத்தடிக்கே மீண்டது. கருவி நமக்குப் பகையன்று. அதனை அறியாதிருத்தலே பகை. லைம்ஹவுஸில் ஆலையை உடைத்த 500 பேரும் வாள்வித்தை தேர்ந்தவரே. அவருக்கு அப்புதுப்பொறியைக் கற்பிப்பாரும் இல்லை. அதில் பங்களிப்பாரும் இல்லை. ஆதலின் அன்பர்காள், நம் இளைஞர் மரத்தின் வைரமும் வெளிறும் அறியும் பழைய கண்ணை இழவாது, புதிய கருவியையும் தம் கைக்கு உரியதாக்கிக்கொள்வாராக.