உடலியக்க அளவீடு (நெடுங்கால உடல்நல ஆய்வுகளில்)

பெரியவர்கள் அன்றாடம் எவ்வளவு நடக்கிறார்கள், சுமக்கிறார்கள், உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பதிந்துவைத்து, ஆண்டுகள் கழித்து அவர்களுக்கு வரும் நோயோடும் இறப்போடும் பொருத்திப் பார்க்கும் முறை. பெங்களூரில் இப்பணியில் முன்னோடி, கோரமங்கலாவிலுள்ள செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி.

வரலாறு: துறையின் தொடக்கம் லண்டன் பேருந்துகள். இரட்டையடுக்குப் பேருந்தில் நாளெல்லாம் படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு, உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களைவிட இதயநோய் குறைவு என்று ஜெர்ரி மாரிஸ் 1953இல் 'லான்செட்' இதழில் எழுதினார். யாரிடமும் கேள்வி கேட்கவில்லை. வேலையின் பெயரே அளவுகோல். 1956இல் சீருடைப் பதிவேடுகளைப் புரட்டியபோது, ஓட்டுநர்களின் இடுப்பளவு இளம்வயதிலேயே பெரிதாக இருந்தது தெரிந்தது. ஆக, வேலை ஆளை மாற்றியதா, ஆளுக்கேற்ற வேலை அமைந்ததா என்ற சிக்கல் அன்றே தலைகாட்டிவிட்டது. பெங்களூரின் சிவாஜிநகர் நிலையத்திலிருந்து புறப்படும் ஒற்றையடுக்குப் பேருந்துக்கு இந்த அளவுகோல் அப்படியே உதவாது: நெரிசலில் முன்னும் பின்னும் நகரும் நடத்துநருக்கு ஏறுவதற்கு மாடிப்படி இல்லை.

1948இல் தொடங்கிய அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வு, 24 மணி நேரத்தை உறக்கம், உட்காருதல், இலேசான வேலை, நடுத்தர வேலை, கடும் வேலை என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை கொடுத்தது. உறக்கத்துக்கு 1, கடும் வேலைக்கு 5. ஹார்வர்டின் பழைய மாணவர்களைத் தொடர்ந்த ரால்ஃப் பாஃபன்பர்கர், ஏறிய படிகளையும் நடந்த தெருக்களையும் ஆடிய ஆட்டங்களையும் கேட்டார். ஓய்வுநேரம் உள்ளவர்களுக்கு ஏற்ற கேள்விகள். சும்மா உட்கார்ந்திருப்பதை 1 என்று கொள்ளும் 'மெட்' அலகில், நூற்றுக்கணக்கான செயல்களுக்கு மதிப்பிட்ட தொகுப்பு 1993இல் பார்பரா ஐன்ஸ்வொர்த் குழுவால் வெளியானது.

பெங்களூர்: செயின்ட் ஜான்ஸைச் சேர்ந்த பாரதி, மாரியோ வாஸ் ஆகியோர் அடங்கிய குழு 2000இல் இந்திய நகர நடுத்தர வர்க்கத்துக்கென ஒரு வினாப்பட்டியலை வெளியிட்டது. ரஸ்ஸல் மார்க்கெட்டில் மூட்டை சுமக்கும் ஹமாலி அந்த வரம்புக்குள் வரமாட்டார். உடற்பயிற்சியை மட்டும் கேட்டால் அவர் தாளில் சோம்பேறி. இக்குறையைப் 'பியூர்' ஆய்வு பெருமளவு தீர்த்தது. கனடாவின் சலீம் யூசுஃப் தலைமையிலான அதன் இந்திய மையங்களுள் பெங்களூரும் சென்னையும் அடங்கும். வேலை, போக்குவரத்து, வீட்டுவேலை, ஓய்வுநேரம் ஆகிய நான்கையும் கேட்டார்கள். 17 நாடுகளில் 1,30,000க்கும் மேற்பட்டோரைப் பற்றிய 2017 முடிவு, பிழைப்புக்கான உழைப்பும் குறைந்த இறப்போடு சேர்ந்தே காணப்படுவதைக் காட்டியது. பிழைப்புக்கான உழைப்பைப் பற்றி டென்மார்க் ஆய்வாளர்கள் சிலர் இதற்கு மாறாகச் சொல்கிறார்கள்.

குறைபாடுகள்: ஒருமுறை மட்டும் அளந்தால், பணி ஓய்வு பெற்றவரும் இருபதாண்டு கழித்து 'சுறுசுறுப்பானவர்' பட்டியலிலேயே இருப்பார், உண்மையான தொடர்பு மங்கிவிடும். மறைந்திருக்கும் நோயே நடையைக் குறைத்திருக்கவும் கூடும். அதனால் தொடக்க ஆண்டுகளின் இறப்புகளை நீக்கிக் கணக்கிட்டுப் பார்ப்பார்கள். நடுவில் வினாப்பட்டியலை மாற்றினால் பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒட்டாது.

இன்றைய நிலை: சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனம் 2015இல் தனி வினாப்பட்டியல் ஒன்றை வெளியிட்டது. பிரிட்டனின் பயோபேங்க் 2013–15இல் சுமார் ஒரு லட்சம் பேரின் மணிக்கட்டில் ஒரு வாரம் முடுக்கமானி கட்டியது. அக்கருவி அசைவை அளக்கும், தலைமேல் உள்ள மூட்டையின் எடையை அளக்காது.