ஒன்று கூரைக்குள்ளா, வெளியிலா?

"ரூட் எக்ஸ் ப்ளஸ் ஒன்." பிளஸ் டூ கணித ஆசிரியர்களுக்குத் தங்கை மகன் இணையத்தில் அனுப்பிய கருத்துக்கணிப்புப் படிவத்தில் வந்த பதில் இது. மாணவர்கள் அடிக்கடி சறுக்கும் ஒரு கோவையை எழுதச் சொல்லியிருந்தோம். அந்த ஒன்று வர்க்கமூலக் கூரைக்குள் இருக்கிறதா, வெளியே நிற்கிறதா? திருப்பிக் கேட்கவும் வழியில்லை. படிவத்தில் பெயர் கேட்கவில்லை.

எண்பதுகளில் கல்லூரிக்கு வினாத்தாள் தயாரித்தபோது எனக்கு இந்தச் சந்தேகம் வந்ததில்லை. டைப்பிஸ்ட் ஸ்டென்சிலில் வரிகளை அடித்து, கணக்குக்கு இடம் விட்டுத் தருவார். தொகையீட்டுக் குறியை ஸ்டைலஸால் நானே கீறுவேன். கொஞ்சம் அழுத்தினால் ஸ்டென்சில் கிழியும். சைக்ளோஸ்டைல் பிரதி முழுக்க அந்த இடத்தில் மைக்குளம். ஆனாலும் கூரை எதுவரை என்பது என் கையில் இருந்தது.

அச்சகத்தில் அது கம்பாசிட்டர் கையில். ஒரு பின்னத்துக்கு மேலே ஒரு வரிசை, நடுவே கோடு, கீழே ஒரு வரிசை, சுற்றிலும் வெற்று ஈயத் துண்டுகள். ராமானுஜனின் குறிப்பேடுகளை 1957இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்டபோது, அச்சுக் கோர்க்காமல் பக்கங்களைப் படமெடுத்தே போட்டார்கள். கோர்த்திருந்தால் எத்தனை பேர் கண் போயிருக்குமோ!

பெல் ஆய்வகத்தின் பிரையன் கெர்னிகனும் லொரிண்டா செர்ரியும் எழுபதுகளில் உருவாக்கிய ஈக்யூஎன் என்ற அச்சுக்கோர்ப்பு மென்பொருள், கணக்கு தெரியாத டைப்பிஸ்டுக்கும் கைகொடுத்தது. வாயால் சொல்வதுபோலவே 'எக்ஸ் ஓவர் ஒய்' என்று அடித்தால் பின்னம் வரும். ஆனால் வாய்ப்பேச்சில் கூரை எங்கே முடிகிறது என்று தெரியாதே. அதற்கு வளைவு அடைப்பு போட வேண்டியிருந்தது. 1977இல் தன் நூலின் இரண்டாம் தொகுதியின் இரண்டாம் பதிப்புக்கு வந்த புரூஃபைப் பார்த்து முகம் சுளித்த டொனால்ட் கனூத், டெக் என்ற அச்சுக்கோர்ப்பு மென்பொருளைச் செய்ய உட்கார்ந்தார். சீக்கிரம் முடியும் என்று நினைத்த வேலை ஏறத்தாழப் பத்தாண்டு இழுத்தது. அதிலும் அடைப்புதான். கம்பாசிட்டர் வேலை எழுதுபவர் தலையில் வந்து விழுந்தது. ஆய்வுக் கட்டுரை எழுதுபவர் அதைக் கற்றுக்கொள்வார். மதிய இடைவேளையில் போனில் படிவம் நிரப்பும் ஆசிரியர் எதற்குக் கற்க வேண்டும்?

இரண்டாம் சுற்றில் மேத்குவில் என்ற எழுதுபெட்டியைப் படிவத்துக்குள் பொருத்தினான் பையன். சாய்கோட்டைத் தட்டினால் பின்னக்கோடு விரிகிறது, கர்சர் கீழே இறங்குகிறது. பின்னால் சேமிப்பில் போய் உட்காருவது டெக் வழி வந்த லேடெக்கின் அதே அடைப்புகள்தான். நிரப்புபவர் கண்ணில் அவை படுவதில்லை.

முதல் ஆளாக என்னை நிரப்பச் சொன்னான். மூலக்குறி பட்டனைத் தட்டி, எக்ஸ் போட்டு, கூட்டல் ஒன்று அடித்தேன். நடுவே வலது அம்புக்குறியைத் தட்டி வெளியே வர மறந்துவிட்டேன். ஒன்று கூரைக்குள்ளேயே மாட்டிக்கொண்டது.