எஸ்.பி. ரோட்டில் கார்டு மாற்றிய தலைமுறை

இன்டெல்லின் 845ஜிவி சிப்செட் வைத்த மதர்போர்டில் ஏஜிபி ஸ்லாட் கிடையாது. அந்தக் காலத்துக் கிராபிக்ஸ் கார்டுகளில் பெரும்பாலானவற்றைச் செருகவே வழியில்லாத போர்டு. விலை குறைவு என்பதால் 2003, 2004 வாக்கில் பெங்களூரின் நடுத்தரக் குடும்பங்கள் அசெம்பிள் செய்து வாங்கிய பென்டியம் 4 கணினிகளில், என் கைக்கு வந்தவற்றில் பலவற்றில் இந்த போர்டுதான் இருந்தது. பையன் படிப்புக்கென்று அப்பா கடன் வாங்கி எடுத்துக் கொடுத்த கணினி. ஒரு வருடம் போனதும் பையனுக்குப் புது கேம் ஆட ஆசை வரும். சேர்த்த பணத்தோடு, கணினிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்கு வருவான். "என்ன போர்டு?" என்பார் கடைக்காரர். பதிலைக் கேட்டதும் கவுன்டர் மேல் பரப்பிய ஏஜிபி கார்டுகளை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, பழைய பிசிஐ ஸ்லாட்டில் பொருந்துகிற எஃப்எக்ஸ் 5200 எங்காவது இருக்கிறதா என்று பக்கத்துக் கடைகளுக்கு ஆள் விடுவார்.

பெங்களூரின் கணினி வரலாறு என்று எழுதப்படுவதில் இந்தப் பையன் வருவதில்லை. 1983ல் இன்ஃபோசிஸ் இங்கே குடிவந்தது, 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசின் கணினிக் கொள்கை வந்தது, 1985ல் டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வந்தது என்று அது போகும். எல்லாம் உண்மைதான். ஆனால் ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் மர்பி டவுனிலும் இருந்த வீடுகளுக்குள் கணினி நுழைந்த பாதை வேறு. அது எஸ்.பி. ரோட்டிலிருந்து ஒவ்வொரு பாகமாக ஆட்டோவில் வந்தது. அந்தப் பாதையில்தான் நான் பிழைத்தேன். அதனால் அதன் கதையை நான் சொல்லியாக வேண்டும்.

எஸ்.பி. ரோடு என்பது சாதர் பத்ரப்பா ரோடு. டவுன் ஹாலுக்கும் அவென்யூ ரோட்டுக்கும் நடுவே, பழைய பேட்டைக்குள் கிடக்கிறது. 1537ல் கெம்பே கவுடா நிறுவியதாகச் சொல்லப்படும் பேட்டை இது. அக்கிப்பேட்டையில் அரிசி, அரளேபேட்டையில் பஞ்சு, பளேபேட்டையில் வளையல், தரகுப்பேட்டையில் தானியம் என்று ஒரு தொழிலுக்கு ஒரு பேட்டை. கொஞ்சம் நடந்தால் திகளர்பேட்டையின் தர்மராயர் கோயில். சித்திரைப் பௌர்ணமியில் கரகம் புறப்படுவது அங்கிருந்துதான். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசுகிற திகளர்கள் எடுக்கும் கரகம், காட்டன்பேட்டை மஸ்தான் சாயபு தர்காவுக்கும் போய்விட்டுத்தான் திரும்பும். எஸ்.பி. ரோட்டின் பேச்சும் அப்படித்தான்: இந்தியில் விலை கேட்டு, கன்னடத்தில் பேரம் பேசி, தமிழில் "சரி அண்ணா, பில் இல்லாமல் என்ன போடுவீங்க?" என்று முடியும்.

ஒரே சரக்கை விற்கும் கடைகள் வரிசையாக இருப்பது கையில் காசு குறைவாக உள்ளவனுக்குப் பெரிய பலம். ஒரு கடையில் சொன்ன விலையை அடுத்த கடையில் சொல்லிக் குறைக்கலாம். ஒருவரிடம் இல்லாத சரக்கை இன்னொருவர் கடையிலிருந்து வாங்கிக் கொடுப்பார். எந்தக் கார்டில் என்ன வியாதி என்பது ஒரு வாரத்தில் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். சுற்றிலும் பார்த்தால் ஜே.சி. ரோட்டில் மோட்டார் உதிரிபாகம், எஸ்.ஜே.பி. ரோட்டில் பம்பும் ஹார்டுவேரும், அவென்யூ ரோட்டில் பழைய பாடப்புத்தகம், ஞாயிற்றுக்கிழமை காலையில் நடைபாதைச் சந்தை. ஒருவர் கழித்ததை இன்னொருவருக்கு உதவும்படி செய்வதே இந்த வட்டாரத்தின் பெரும் தொழில்.

கணினிக்கு முன்னால் இங்கே ரேடியோ இருந்தது. என் அப்பா ரேடியோ மெக்கானிக். 1948ல் ஐ.டி.ஐ. (இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ்), 1954ல் பி.இ.எல். (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) என்று அரசுத் தொழிற்சாலைகள் நகரத்தைச் சுற்றி எழும்பின. ஜாலஹள்ளி பி.இ.எல்லில் 1960களின் தொடக்கத்திலேயே வால்வும் ஜெர்மானியம் டிரான்சிஸ்டரும் செய்தார்கள். பற்றவைப்புக் கோலைச் சரியாகப் பிடிக்கத் தெரிந்த ஆயிரக்கணக்கான கைகள் இந்த ஊருக்குக் கிடைத்தன. அவர்களில் சிலர் அப்பாவுக்குச் சிநேகிதர்கள். ஷிஃப்ட் முடிந்த பிறகு வீட்டில் ரேடியோ கூட்டுவார்கள். முழு செட் வாங்க முடியாதவர்களுக்கு அப்பா செய்து கொடுத்த ஏற்பாடு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இந்த மாதம் டிரான்ஸ்ஃபார்மர், அடுத்த மாதம் ஸ்பீக்கர், தீபாவளிக்கு மரக் கேபினெட். கேபினெட் வருகிறவரை ரேடியோ பலகை மேல் திறந்தபடியே பாடும்.

கணினி வந்தபோது பழகிய அதே வழிதான். மானிட்டர் பழையது, போர்டு புதியது, ராம் பாதி இப்போது, மீதி போனஸ் வந்ததும். 1990களில் சுங்க வரி இறங்கத் தொடங்கியது. 1997ல் இந்தியா உலகத் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் சேர்ந்தது. 2005க்குள் கணினிப் பொருட்களுக்குச் சுங்கம் பூஜ்யத்துக்கு வந்தது. அதற்கு முன்னும் பின்னும் கார்டு விற்ற கடைக்காரர்களைக் கேட்டால் இந்த வித்தியாசத்தை விலாவாரியாகச் சொல்வார்கள்.

1999ல் வந்த டிஎன்டி2, அடுத்த வருடம் வந்த ஜிஃபோர்ஸ்2 எம்எக்ஸ் இரண்டும் இங்கே பேர் சொன்ன கார்டுகள். 2002ல் ஜிஃபோர்ஸ்4 எம்எக்ஸ் வந்தது. பெயரில் 4 இருந்தாலும் உள்ளே இருந்தது ஜிஃபோர்ஸ்2 பரம்பரை. ஜிஃபோர்ஸ்3லேயே இருந்த பிக்சல் ஷேடர் இதில் இல்லை. 2003ல் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: சேண்ட்ஸ் ஆஃப் டைம் வந்தபோது, ஆசையோடு எம்எக்ஸ் 440 வாங்கிய பையன்களின் கணினியில் அந்த கேம் ஓட மறுத்தது. 3டி-அனலைஸ் என்ற சின்ன மென்பொருளைக் கொண்டு, இல்லாத ஷேடரை இருப்பதாகக் காட்டி ஓட்டிப் பார்த்தார்கள். படம் வரும், வேகம் வராது. பெயரைப் பார்த்து வாங்கக்கூடாது, உள்ளே இருக்கும் சிப்பைப் பார்க்க வேண்டும் என்ற பாடத்தை ஒரு தலைமுறை அந்தக் கார்டில் கற்றது. பாவப்பட்ட காசில் கற்ற பாடம். அது நியாயமில்லாத வியாபாரம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அந்தக் காலத்தில் உருவான இரண்டு வழக்கங்களைச் சொல்ல வேண்டும். ஒன்று எக்ஸ்சேஞ்ச். பழைய கார்டைக் கொடுத்தால் அதன் விலை கழிந்து புதுக் கார்டு கைக்கு வரும். கொடுத்த கார்டை அதே நாள் சாயங்காலம் அதைவிடப் பழைய கணினி வைத்திருப்பவர் வாங்கிப் போவார். ஒரே ஜிஃபோர்ஸ் கார்டு ஜெயநகரில் தொடங்கி ஸ்ரீராமபுரம் வந்து, கடைசியில் ஏதாவது தாலுகா ஊரின் பிரவுசிங் சென்டரில் முடிந்ததை நானே பார்த்திருக்கிறேன். இன்னொன்று டெஸ்டிங் வாரண்டி. கார்டைக் கடையின் போர்டில் செருகி, டிஸ்ப்ளே காட்டி, ஒரு கேமையோ ஸ்ட்ரெஸ் டெஸ்டையோ ஓட்டிக் காண்பிப்பார்கள். நீங்கள் கடைப் படி இறங்கியதும் வாரண்டி முடிந்தது. வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுப் பயப்படுவார்கள். எனக்கு இதில் ஒரு நேர்மை தெரிகிறது: பார்க்க வேண்டியதை அங்கேயே பார், எத்தனை நேரம் வேண்டுமானாலும் நின்று பார் என்கிறார்கள்.

ஐ.டி. கம்பெனிகள் பெருத்த பிறகு சரக்கின் தன்மை மாறியது. அலுவலகங்கள் சில வருடங்களுக்கு ஒருமுறை கணினிகளை மொத்தமாகக் கழிக்கும். ஏலத்தில் எடுத்தவர்களிடமிருந்து அவை எஸ்.பி. ரோட்டுக்கு வரும். 2005ல் தாபஸ்பேட்டையில் இ-பரிசரா தொடங்கியது. நாட்டில் அரசு அனுமதியோடு வந்த முதல் மின்னணுக் கழிவு மறுசுழற்சி நிறுவனம் அது. 2012 மே 1 முதல் மின்கழிவு விதிகள் அமலுக்கு வந்தன. உடைத்து உருக்குவதற்கு முன்னால் ஒரு கணினி இன்னும் பத்து வருடம் ஓட முடியும் என்பதை இந்தத் தெரு அதற்கு முன்பே செய்து காட்டிக்கொண்டிருந்தது.

இப்போது என்னிடம் வருகிற பையன்கள் பெரும்பாலும் கொண்டுவருவது அப்படிக் கழித்த டெல் ஆப்டிபிளெக்ஸ்தான். 7010 ஒல்லி மாடல் என்றால் உள்ளே 2012ன் ஐ5-3470, 240 வாட் எஸ்.எம்.பி.எஸ். கார்டுக்குத் தனியாகக் கரண்டு கொடுக்கும் 6 பின் ஒயர் அதில் இல்லை.

"அண்ணா, ஆர்எக்ஸ் 580 மலிவாக் கிடைக்குது, போட்டுடலாமா?"

"தம்பி, கேபினெட்டைத் திற முதல்ல."

திறந்தால் அவனுக்கே தெரியும். அரை உயரக் கார்டுக்குத்தான் இடம். ஸ்லாட் வழியாகக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட். சிலர் சாட்டா ஒயரை 6 பின்னாக மாற்றும் கன்வெர்டரை வாங்கி வருவார்கள். சாட்டா இணைப்பான் 12 வோல்டில் தாங்குவது 54 வாட், 6 பின் கேட்கக்கூடியது 75 வாட். உருகி நாறிப்போன இணைப்பான்களை எடுத்துப்போட்டு எனக்கு அலுத்துவிட்டது. அதை நான் போட்டுக்கொடுக்க மாட்டேன். பெரிய கேபினெட்டுக்கும் நல்ல எஸ்.எம்.பி.எஸ்ஸுக்கும் காசு இல்லையென்றால் தேர்வு சுருங்கிவிடும்: 2016ல் வந்த 1050 டிஐ, 2019ன் 1650, இரண்டிலும் 6 பின் கேட்காத அரை உயர மாடல். அதற்கும் கீழே ஜிடி 1030.

ஜிடி 1030ல் ஒரு பழைய கதை திரும்பி வந்தது. 2017ல் ஜிடிடிஆர்5 மெமரியோடு வந்த கார்டு, மறுவருடம் அதே பெயரில் சாதாரண டிடிஆர்4 மெமரியோடும் வந்தது. முதலாவதன் மெமரி வேகம் வினாடிக்கு 48 ஜிபி. இரண்டாவதில் சுமார் 17 தான். பெட்டியில் பெயர் ஒன்றே. ஜிஃபோர்ஸ்4 எம்எக்ஸ் நினைவிருக்கிற கடைக்காரர்கள் "டிடிஆர்4 வேண்டாம் சார்" என்று தாங்களாகவே சொன்னார்கள். 2022ல் வந்த ஆர்எக்ஸ் 6400ஐயும் யோசித்தே வாங்கச் சொல்வேன். 53 வாட்தான் குடிக்கும், அரை உயரத்திலும் கிடைக்கும், ஆனால் ஸ்லாட்டின் 16 பாதைகளில் 4ஐ மட்டுமே பயன்படுத்தும். புது போர்டில் பரவாயில்லை. பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0 உள்ள 2011ன் ஆப்டிபிளெக்ஸ் 790ல் போட்டால் கார்டின் பலம் பாதி வழியிலேயே நின்றுவிடும்.

எதீரியம் சுரங்கக்காரர்கள் 2017லும், மறுபடி 2021லும் கார்டு விலையை ஏற்றியதைப் பற்றி நீட்டி எழுத எனக்கு மனமில்லை. படிக்கிற பிள்ளைகள் வெறுங்கையோடு திரும்பிய வருடங்கள் அவை. 2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் கார்டு தேவைப்படாத முறைக்கு மாறியதும் அந்தக் கார்டுகள் மூட்டையாக வெளியே வந்தன. மூட்டையில் வந்த கார்டை வாங்கலாம், பார்த்து வாங்க வேண்டும். விசிறியை விரலால் சுற்றினால் கரகரக்கிறதா, தெர்மல் பேடிலிருந்து எண்ணெய் கசிந்து போர்டில் படிந்திருக்கிறதா, சுரங்கத்துக்காக பயோஸ் மாற்றியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். 1050 டிஐ என்று சொல்லி நீல நிற விஜிஏ போர்ட் உள்ள கார்டை நீட்டினால் தொடவே வேண்டாம். அந்தத் தலைமுறை சிப்பில் அனலாக் வெளியீடே கிடையாது. பழைய ஜிடிஎஸ் 450ன் பயோஸை மாற்றி அப்படிப் பெயர் காட்டும் போலிகள் அவை. ஜிபியு-இசட் மென்பொருளை ஓட்டினால் பெயருக்கு முன்னால் போலி என்றே எழுதிக் காட்டும்.

2007ல் இதே ஊரில் பிறந்த ஃபிளிப்கார்ட்டும் அதன் பின் வந்தவர்களும் சீல் பேக் வியாபாரத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டார்கள். என் கண்ணில் பட்டவரை, செகண்ட் ஹேண்டும் சிப்லெவல் சர்வீஸும்தான் இன்று தெருவை நிற்க வைத்திருக்கின்றன. என்விடியாவுக்கும் ஏ.எம்.டி.க்கும் இதே பெங்களூரில் வடிவமைப்பு மையங்கள் உண்டு. 2023 நவம்பரில் ஏ.எம்.டி. தன் மிகப் பெரிய மையத்தை இங்கே திறந்தது. அங்கே வேலை செய்யும் பொறியாளர்களில் முதல் கார்டை எஸ்.பி. ரோட்டில் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். எனக்கே தெரிந்த பையன் ஒருவன் இருக்கிறான்.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்தது. இன்டெல்லின் 7ஆம் தலைமுறை வரையிலான கணினிகளில் ஏறக்குறைய எதையும் விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. அதனால் அலுவலகங்கள் அவற்றைக் கழிக்கின்றன. நல்ல ஐ5 கணினிகள் மலிவாக வருகின்றன, லினக்ஸ் போட்டுக் கேட்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள். 750 டிஐ, 1050 டிஐ கார்டுகளுக்குப் புது கேம்களுக்கான டிரைவர் தருவதையும் என்விடியா அதே அக்டோபரோடு நிறுத்தியது. பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று சொல்லியிருக்கிறது. காசு இறுக்கமாக இருக்கிறவனுக்கு அதுவரை 1050 டிஐயைத் தயங்காமல் போட்டுக் கொடுப்பேன். கொஞ்சம் கூட்டிப் போட முடிந்தவனை 1650க்குப் போகச் சொல்வேன்.