அவசர மருத்துவ உதவியாளர் பயிற்சியின் அடிப்படைகள்: கோலார் தங்கவயலை முன்வைத்து

விபத்தோ திடீர் நோயோ நேர்ந்த இடத்துக்கே போய், நோயாளியை மருத்துவமனை ஏற்றுக்கொள்ளும்வரை உயிரோடு காத்துக் கொண்டுவருபவர் அவசர மருத்துவ உதவியாளர். 108 வண்டியின் பின்பக்கத்தில் நோயாளியோடு உட்கார்ந்து வருபவரைத் துறைக்குள் இ.எம்.டி. என்றும், வண்டி ஓட்டுபவரைப் பைலட் என்றும் சொல்கிறார்கள். இ.எம்.டி.க்கான பாடத்திட்டத்தைப் புரட்டினால் நீண்ட பட்டியல் ஒன்று கண்ணில் படும்: மூச்சுப்பாதையைத் திறப்பது, இரத்தப்போக்கை நிறுத்துவது, இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தி மூச்சூட்டும் சி.பி.ஆர்., எலும்பு முறிவுக்குச் சிம்பு கட்டுவது, பிரசவம், பாம்புக்கடி, தீக்காயம், நஞ்சு. இவை அனைத்தும் தேவையே. ஆனால் ஒவ்வொன்றையும் தனித்தனியே நன்றாகச் செய்யத் தெரிந்த ஒருவர்கூட நோயாளியை இழக்க முடியும். எதை முதலில் செய்வது, எதைக் கிடக்கும் இடத்திலேயே முடிப்பது, எதை ஓடும் வண்டிக்கு ஒத்திப்போடுவது, எதைத் தொடாமலே விடுவது என்று தீர்மானிப்பதுதான் இத்தொழிலின் மையத் திறன். வேகம் அதற்கு அடுத்ததே. ஆம்புலன்ஸ் என்றாலே சைரனும் வேகமும்தான் என்று எண்ணப் பழகிவிட்ட நமக்கு இது ஏற்கக் கடினமாக இருக்கலாம். சைரனால் எந்தப் பயனும் இல்லாத ஓர் ஊரின் வரலாற்றை வைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும்.

கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் 1880 முதல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஆங்கில நிறுவனத்தின் பொறுப்பில் நவீனச் சுரங்க வேலை நடந்தது. பின்னர் மைசூர் அரசும், அதன்பின் மத்திய அரசும் சுரங்கங்களை நடத்தின. 1972 இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் பொறுப்பேற்றது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. வட ஆற்காடு, சேலம், தருமபுரிப் பக்கங்களிலிருந்து குடிபெயர்ந்த தமிழர்களே இங்கு பெரும்பாலான தொழிலாளர்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்துக்கு இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அடிமட்டத்தில் ஒருவருக்குக் கால் நசுங்கினால், மேலே இருக்கும் மருத்துவமனைக்குச் செங்குத்துத் தொலைவு மூன்று கிலோமீட்டர்தான். சாலையில் அது ஐந்து நிமிடப் பயணம். சுரங்கத்திலோ காயம்பட்டவரைக் குறுகிய சுரங்கப்பாதை வழியே தூக்கி வந்து, உள்ஷாஃப்ட் எனும் செங்குத்துக் குழியின் கேஜில் (தூக்குக் கூண்டில்) ஏற்றி, ஒரு மட்டத்தில் இறக்கி, அங்கிருந்து நடந்து, அடுத்த ஷாஃப்டின் கேஜுக்கு மாற்ற வேண்டும். கேஜ் இன்ன வேகத்தில்தான் ஏறும். எவர் உயிருக்காகவும் அதை விரட்ட முடியாது. ஆகவே பிழைப்பதும் இறப்பதும் பெரும்பாலும் பக்கத்தில் நின்று வேலை செய்தவரின் கைகளைச் சார்ந்திருந்தது.

சட்டமும் இதை உணர்ந்தே எழுதப்பட்டது. 1952 ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்தின் 21 ஆம் பிரிவு, வேலை நேரம் முழுவதும் எளிதில் எட்டும்படி முதலுதவிப் பெட்டிகள் இருக்க வேண்டும் என்றும், அவை பயிற்சி பெற்ற ஒருவரின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்றும், காயம்பட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக ஏற்பாடு வேண்டும் என்றும் கூறியது. 150 பேருக்கு மேல் வேலை செய்யும் சுரங்கத்தில் தனியாக முதலுதவி அறையும் வைத்தாக வேண்டியிருந்தது. 1955 ஆம் ஆண்டின் சுரங்க விதிகள், பொறுப்பாளர் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பின் தரத்தில் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்றன. 1877 இல் இங்கிலாந்தில் தொடங்கிய அந்த அமைப்பின் ஆரம்ப வகுப்புகள் சுரங்க ஊர்களிலும் ரயில்வே ஊர்களிலும் வேரூன்றியது தற்செயல் அல்ல. மருத்துவர் வந்துசேர முடியாத இடங்களில்தான் மருத்துவர் அல்லாதவருக்குப் பயிற்சி கொடுக்கும் எண்ணம் பிறக்கும். நம் சாலைகளுக்கு இத்தகைய ஏற்பாடு வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 108 சேவை 2005 இல் ஆந்திரத்திலும், 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டிலும், அதே ஆண்டு நவம்பரில் ‘ஆரோக்கிய கவச’ என்ற பெயரில் கர்நாடகத்திலும் தொடங்கியது.

பயிற்சியில் முதலில் வரும் பாடம் நோயாளியைப் பற்றியதே அல்ல, இடத்தைப் பற்றியது. தங்கவயலில் ஆழம் கூடக் கூடப் பாறை தானாக வெடித்துச் சிதறும் நிகழ்வு தொடர்ந்த அபாயமாக இருந்தது. மேலிருந்து அழுத்தும் பாறையின் பாரம் தாங்காமல், வெட்டிய குடைவின் சுவர் சட்டென நொறுங்கித் தெறிக்கும். சில வேளை அதன் அதிர்வை மேலே ஊருக்குள்ளும் உணர்ந்திருக்கிறார்கள். இதை ஆராய்வதன் தேவையிலிருந்தே 1988 இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் இவ்வூரில் அமைந்தது. ஒரு வெடிப்புக்குப் பிறகு அடுத்தடுத்து வெடிப்புகள் நேரலாம், காற்றோட்டம் அடைபடலாம், உள்ளே வெடிமருந்துப் புகை தேங்கலாம். அப்போது உதவிக்கு ஓடிப்போகிறவர் இரண்டாவது நோயாளி ஆகிவிடுவார். ‘கிடப்பவன் நம்ம ஆள், நான் எப்படிச் சும்மா நிற்பது’ என்ற உந்துதல் மனிதத்தனமானது. ஆனால் அதை ஒரு நிமிடம் அடக்கத் தெரிவதுதான் பயிற்சி. 1985 ஆம் ஆண்டின் சுரங்க மீட்பு விதிகள், மூச்சுக்கருவி அணிந்து பழகிய மீட்புக் குழுவைத் தனியாக வரையறுத்ததன் காரணமும் இதுவே. இன்று மூடிய அறையில் ஜெனரேட்டர் ஓடி மயங்கியவர், கழிவுநீர்த் தொட்டியில் விழுந்தவர், மின்கம்பி அறுந்து கிடக்கும் சாலை என எந்த அழைப்பிலும் இ.எம்.டி. கேட்க வேண்டிய முதல் கேள்வி அதேதான்: இவரை வீழ்த்தியது இன்னும் இங்கே இருக்கிறதா? தங்கத்தைப் பிரிக்க சயனைடு பயன்பட்ட இவ்வூரில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. சயனைடு நஞ்சுக்கு ஆளானவருக்கு வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுவது ஊதுபவருக்கே ஆபத்து. அதற்குப் பை–முகமூடிக் கருவிதான் வேண்டும்.

இடம் பாதுகாப்பானது என்று தெரிந்தபின் வரிசை தொடங்குகிறது. பீறிடும் இரத்தம் முதலில்: நேரடி அழுத்தம், கைகால்களில் அது போதாதபோது டூர்னிக்கே எனும் இறுக்குக்கட்டு, அதைக் கட்டிய நேரத்தைக் குறித்துவைத்தல். அடுத்து மூச்சுப்பாதை, மூச்சு, இரத்த ஓட்டம், நினைவுநிலை. கழுத்தெலும்பில் காயம் இருக்கலாம் என்று ஐயம் எழுந்தால் தலையைப் பின்னுக்குச் சாய்க்காமல் தாடையை முன்தள்ள வேண்டும். இதயம் நின்றுவிட்டால் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம் மார்பை அழுத்தி, 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு ஊத வேண்டும். கூடிய சீக்கிரம் மின்னதிர்வுக் கருவியை ஒட்ட வேண்டும். இந்த எண்களை மனப்பாடம் செய்வது ஒருநாள் வேலை. வரிசை ஏன் அப்படி இருக்கிறது என்று புரிந்துகொள்வதுதான் நாளாகும் வேலை. அதைவிட நாளாவது, வரிசை எங்கே மாறும் என்று கண்டுகொள்வது.

பாறைக்கடியில் சிக்கியவர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பார்க்கிற எவருக்கும் உடனே கல்லைப் புரட்டத்தான் தோன்றும். ஆனால் தொடை போன்ற பெருந்தசை நீண்ட நேரம் நசுங்கிக் கிடந்தால், அழுத்தம் விலகியவுடன் சிதைந்த தசையிலிருந்து பொட்டாசியம் இரத்தத்தில் பாயும். இதயம் தாறுமாறாகித் துடிப்பு நின்றும் போகலாம். அதைத் தாண்டிப் பிழைத்தவர்களுக்குத் தசைப் புரதம் சிறுநீரகத்தை அடைத்துச் சில நாளில் உயிரைப் பறிக்கலாம். லண்டன் குண்டுவீச்சில் இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டவர்களை வைத்து 1941 இல் பைவாட்டர்ஸும் பீலும் இதை விளக்கினார்கள். இன்றைய நெறிமுறைகள், முடிந்தால் கல்லை எடுப்பதற்கு முன்பே சலைன் ஏற்றத் தொடங்கச் சொல்கின்றன. ஊசி போடும் அதிகாரம் இல்லாத அடிப்படைநிலை உதவியாளருக்கு இங்கு என்ன வேலை என்று கேட்கலாம். எத்தனை நேரமாகச் சிக்கியிருக்கிறார் என்று கேட்டறிவது, மருத்துவரை முன்கூட்டியே அழைப்பது, அவர் சொல்லும்வரை ஆர்வலர்களின் கைகளைத் தடுத்து நிறுத்துவது. நோயாளியைத் தொடாமலே செய்யும் இந்த வேலைக்குத் தேர்வில் மதிப்பெண் குறைவு. அப்படி இருக்கக் கூடாது. நெருப்பு, நீர், மறுவெடிப்பு நெருங்கினால் இதே ஆளை எதற்கும் காத்திராமல் இழுத்து வெளியேற்ற வேண்டும் என்பதும் அதே பாடத்தின் மறுபாதி.

வேகத்தைவிடத் தீர்மானமே முதல் என்பதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. களத்தில் நின்று வைத்தியம் பார்ப்பது நேர விரயம், அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடுவதே உயிர் காக்கும் என்கிற கட்சி மருத்துவ உலகில் எப்போதும் இருந்துவருகிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்த பெரிய ஆய்வு அவர்களுக்குக் கைகொடுக்கிறது. 2004 இல் வெளியான அதன் முடிவு, இதயம் நின்றவர்களுக்கு விரைவான மின்னதிர்வு கிடைக்கும் அமைப்பின்மேல் ஊசிமருந்தும் மூச்சுக்குழாயும் சேர்த்தபோது பிழைப்போர் விகிதம் உயரவில்லை என்றது. 2008 இல் வந்த இன்னொரு முடிவு, கடுங்காயம் பட்டவர்களுக்கும் மேம்பட்ட சிகிச்சையால் பலன் கூடவில்லை என்றது. ஆனால் இந்த ஆய்வு காட்டுவது களப்பணி வீண் என்பதையா? நுட்பம் மிகுந்த தலையீடு அடிப்படைப் பணியைவிடச் சிறந்தது என்று தானாக ஆகிவிடாது என்பதையே அது காட்டுகிறது. இரத்தத்தை நிறுத்துவதும் மார்பை அழுத்துவதும் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வயிற்றுக்குள் இரத்தம் கசிபவருக்குக் களத்தில் செய்ய ஒன்றுமில்லை. அறுவைச் சிகிச்சை அறைதான் மருந்து. அவரை நகர்த்துவதே சிகிச்சை. வெப்பத்தாக்கில் உடல் 40 டிகிரிக்கு மேல் கொதித்து நினைவு தப்பியவருக்கோ நேரெதிர்: குளிர்ந்த நீரில் நனைத்தோ அமிழ்த்தியோ உடல்சூட்டைத் தணித்தபின்தான் வண்டி. சூடேறிய பாறைகளுக்கிடையே ஷிஃப்ட் முழுக்க வேலை செய்த ஊருக்கு இந்த வேறுபாட்டை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ‘பொன்னான ஒரு மணிநேரம்’ என்ற பெயர்பெற்ற சொல்லுக்கும் சரியாக அறுபது நிமிடம் என்று வரையறுக்க ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்பதை 2001 இலேயே ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். ஓடுவதா நிற்பதா என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. நோயாளியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

சுரங்கம் மூடி இருபது ஆண்டுக்கு மேலாகிறது, இனி அதிலிருந்து கற்க என்ன இருக்கிறது என்பது இரண்டாவது மறுப்பு. இன்றைய தங்கவயலில் அழைப்புகள் வேறு வகையானவைதாம். மாரிக்குப்பத்திலிருந்து பங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூருக்குத் தினமும் ரயிலேறி வேலைக்குப் போகும் ஊராக அது மாறிவிட்டது. பேத்தமங்கலப் பக்கம் பெங்களூரு–சென்னை விரைவுச்சாலை வந்திருக்கிறது. சாலை விபத்து, மாரடைப்பு, பக்கவாதம், வயல்வெளிகளில் பாம்புக்கடி. கடிபட்ட காலை அசைக்காமல் சிம்பு கட்டிச் சீக்கிரம் கொண்டுபோவதே கடிக்கு உதவி. கீறுவது, உறிஞ்சுவது, கயிறு இறுக்குவது எல்லாம் கேடு. இரத்தம் பீறிடும் காயத்துக்கு உயிர் காக்கும் அதே இறுக்குக்கட்டு இங்கே காலைப் பறிக்கும். விஷமுறிவு மருந்து மருத்துவமனையில்தான் கிடைக்கும் என்பதால் இங்கேயும் ‘ஓடு’ கட்சிக்காரர்கள் முழுக்கச் சரி. ஆனாலும் சுரங்கம் ஊரைவிட்டுப் போய்விடவில்லை; மக்களின் நுரையீரலில் இருக்கிறது. பாறைத்தூசியால் வரும் சிலிகோசிஸ் பற்றி இந்தியாவில் வந்த ஆரம்பகால ஆய்வுகளுள் 1940களில் தங்கவயலில் நடந்தவையும் அடங்கும். தூசியை விட்டு விலகியபின்னும் அந்நோய் முற்றிக்கொண்டே போகும்; காசநோய்க்கும் வழிவிடும்.

மூச்சுத்திணறும் ஒரு முதியவரைப் பார்க்கையில், எங்கே வேலை செய்தார், எத்தனை வருஷம் அண்டர்கிரவுண்டில் இருந்தார் என்று கேட்காத இ.எம்.டி. பாதி நோயைத் தவறவிடுகிறார். ஆக்சிஜன் கொடுக்கும் அளவும் அந்த விடையைப் பொறுத்து மாறலாம். சாதாரண நோயாளிக்கு இரத்த ஆக்சிஜன் 94 முதல் 98 சதவீதம் இருக்குமாறு பார்த்துக்கொள்வார்கள். நாட்பட்ட மூச்சுக்குழல் அடைப்பால் கரியமில வாயு உடலில் தேங்கும் அபாயம் உள்ளவருக்கு 88 முதல் 92 சதவீதமே இலக்கு. குழாயை முழுக்கத் திறந்துவிட்டால் மூச்சே மந்தமாகிவிடலாம். நீலம் பாரித்துக் கிடப்பவருக்கு ஆக்சிஜனை மறுக்கலாம் என்று இதற்குப் பொருளில்லை. முதலில் தாராளமாகக் கொடுத்து, அளவுகோல் ஏறுவதைப் பார்த்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

எங்கே வேலை செய்தார் என்ற அந்தக் கேள்வியை எந்த மொழியில் கேட்பது என்பதும் பயிற்சிக்குரிய விஷயமே. அரசு அலுவல் கன்னடத்தில். பல காலனிகளின் வீட்டுமொழி தமிழ். தெலுங்கு பேசுவோரும் உண்டு. ‘மாரு அடைக்குது’ என்று ஒரு பாட்டி சொல்வதை மூச்சடைப்பு என்று எழுதிக்கொள்வதா, நெஞ்சழுத்தம் என்று எழுதிக்கொள்வதா? விடையைப் பொறுத்து ஆஸ்பிரின் மாத்திரை கொடுப்பதும் கொடுக்காததும் மாறும். கைமாற்றும்போதும் இதேதான். என்ன நடந்தது, எங்கே காயம், நாடி–அழுத்தம்–ஆக்சிஜன் எவ்வளவு, வழியில் என்ன செய்தோம், எப்போது செய்தோம் என்று அரை நிமிடத்தில் சொல்லி முடிக்க வேண்டும். ஷாஃப்டுக்கு ஷாஃப்ட் ஆள் மாறிய சுரங்கத்தில் ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு தகவல் உதிரக்கூடும். தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையிலிருந்து கோலாருக்கும், அங்கிருந்து பெங்களூருக்கும் அனுப்பப்படும் நோயாளிக்கும் அந்த ஆபத்து அப்படியே இருக்கிறது. டூர்னிக்கே கட்டிய நேரத்தை நெற்றியிலோ கட்டின் மேலேயோ எழுதும் வழக்கம் அதனால்தான் வந்தது: காகிதம் தொலையலாம், நோயாளி தொலைய மாட்டார்.

பயிற்சிக்குச் சட்ட அந்தஸ்து இந்தியாவில் மெல்லத்தான் வந்தது. ஆம்புலன்ஸ் வண்டி எப்படி இருக்க வேண்டும் என்று ஏ.ஐ.எஸ். 125 தரநிலை வரையறுத்த பிறகே, அதில் உட்காருபவரின் கல்வியை ஒழுங்குபடுத்தும் இணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021 இல் நிறைவேறியது. அதே ஆண்டு கோவிட் இரண்டாம் அலையின்போது, தங்கவயலில் பல ஆண்டுகளாகப் பூட்டிக்கிடந்த பழைய சுரங்க மருத்துவமனையைத் தன்னார்வலர்கள் துப்புரவாக்கி நோயாளிகளுக்குத் திறந்தார்கள். கட்டிலும் கூரையும் அப்படித் திரும்பக் கிடைத்தன. ஒவ்வொரு ஷிஃப்டிலும் முதலுதவிச் சான்றிதழ் பெற்ற ஓர் ஆள் பக்கத்திலேயே இருந்த அந்த ஏற்பாட்டை ஊருக்குத் திருப்பிக் கொடுக்க, தெருவுக்கு ஒருவருக்காவது அதே அடிப்படைப் பயிற்சியைக் கற்பித்தாக வேண்டும். அழைத்த 108 வந்து நிற்கும்வரை மார்பை அழுத்திக்கொண்டிருக்க வேண்டியவர் அவர்தான்.