சாகாமக் குளமும் கட்டற்ற இயக்குதளமும்

அம்பாறைக் கரையோரத்தில், திருக்கோவிற் பகுதியிலுள்ள சாகாமக் குளம் தனியொருவரின் உடைமையன்று. கட்டு எவ்விடத்தில் தளர்ந்துள்ளது, துருசு எப்பொழுது திறக்கப்படும் என்பன அந்நீரை நம்பி வயல் செய்வோர் யாவரும் அறியத்தக்கவை. வாய்க்கால் தூர்ந்தால் மண்வெட்டியோடு இறங்குவோரும் அவர்களே. கணினியுலகிலும் இத்தகைய பொதுக்குளம் ஒன்று வெட்டப்பட்ட வரலாறு உண்டு.

கணினியின் உறுப்புகளையெல்லாம் ஏவி நடத்தும் அடிப்படை மென்பொருளை இயக்குதளம் என்பர். விலைக்கு விற்கப்படும் தளங்கள் பலவற்றின் மூலநிரல் பூட்டிய பெட்டிக்குள் இருப்பது. வாங்கியவர் அதனைத் திறந்து பார்க்கவோ திருத்தவோ இயலாது. இந்நிலையை ஏற்க மறுத்த அமெரிக்கர் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983ஆம் ஆண்டில் குனூ திட்டத்தை அறிவித்தார். 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் கருநிரலை வெளியிட்டு, மறு ஆண்டில் அதனைக் குனூவின் பொது உரிமத்தின்கீழ்க் கொணர்ந்தார். இரண்டும் இணைந்தபோது, படிக்கவும் மாற்றவும் படியெடுத்துப் பிறருக்கு வழங்கவும் உரிமையுள்ள முழு இயக்குதளம் உலகுக்குக் கிடைத்தது.

இதனை விரும்புவோர் பலர் விலையின்மையையே முதலிற் கூறுவர். அது சிறிய இன்பமே. பழுதின் காரணத்தைத் தாமே தேடிக் கண்டு நீக்குவதிலும், பழையதென ஒதுக்கிய கணினி இலகுவான பதிப்பொன்றால் மீண்டும் இயங்கக் காண்பதிலும் உள்ள மகிழ்ச்சி அதனினும் பெரிது. தமிழருக்கோ இன்னுமொன்று வாய்த்தது. 1990களின் இறுதி தொட்டுப் பல நாடுகளிலிருந்த தமிழ்த் தன்னார்வலர்கள் கே.டி.இ., குனோம் ஆகிய திரைமுகப்புகளைத் தமிழாக்கினர். தமிழுக்குச் சந்தை போதாதென்று அவர்களைத் தடுக்க எவருமிலர். ஒரு சொல் பொருந்தவில்லையெனின் அதனை மாற்றலாம். எச்சொல் பொருந்தும் என்று வாதிடுவதும் தமிழருக்கு இன்பந்தானே! அச்சுப்பொறி சில வேளை பிணங்கும் என்பதையும் மறைப்பதற்கில்லை.

இவ்வுரிமை பொழுதுபோக்கோடு நில்லாதது என்பதை இலங்கை 2004 டிசம்பர் 26இல் கண்டது. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு முதலிய ஊர்களின்மீது ஆழிப்பேரலை பாய்ந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். காணாமற்போனோர் யாவர், எந்த முகாமில் எவர் உள்ளனர், எவ்வுதவி எங்கே தேவை என்பவற்றை ஒருங்கே காட்டும் பதிவேடு உடனே வேண்டியிருந்தது. இலங்கைக் கணினி வல்லுநர்கள் தன்னார்வமாகக் கூடி, சில நாட்களிலேயே அதனை உருவாக்கத் தொடங்கினர். லினக்ஸும் அதனோடு வழங்கும் கட்டற்ற கருவிகளும் கைவசம் இருந்தன. அடித்தளத்தைப் புதிதாக எழுதவோ, எவரிடமும் இசைவு கேட்டுக் காத்திருக்கவோ தேவையிருக்கவில்லை. அலை ஓய்ந்த கரையில் ஒவ்வொரு நாளும் பெறுமதியானது. பதிவேட்டுக்கு இட்ட பெயர் சஹானா. சிங்களத்தில் நிவாரணம் என்னும் பொருள் தருவது.

லங்கா சொப்ட்வெயர் பவுண்டேஷன் 2005 முதல் அதனை விரித்து வளர்த்தது. அவ்வாண்டின் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும், இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. ஸ்டால்மன் 1985இல் நிறுவிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, 2006ஆம் ஆண்டுக்குரிய சமூகநல விருதைச் சஹானாவுக்கு அளித்தது. 2010இல் ஹெயிட்டி நிலநடுக்கத்தின்போது, அதே பெயரோடு அப்பதிவேடு அங்கும் திறக்கப்பட்டது.