நூலுக்கு ஈரம், ஆளுக்கு வேர்வை

மெட்ரோவுல விம்கோ நகர் பக்கம் போறவங்களுக்கு காலடிப்பேட்டை ஸ்டேஷன் தெரிஞ்சிருக்கும். பேரைக் கேட்டா யாரோட காலடின்னு தோணும். உண்மையில அது 'காலட் பேட்டை'. ஜோசப் காலட், 1717-லேர்ந்து 1720 வரைக்கும் மெட்ராஸ் கவர்னர். கம்பெனியோட துணி வியாபாரத்துக்காக அவர் காலத்துல திருவொற்றியூர் பக்கத்துல நெசவாளர்களைக் குடியமர்த்தி உருவான ஊர் இது.

கவர்னருக்குத் துணி வேணும். தறிக்காரருக்கு அதோட காத்துல ஈரமும் வேணும். ஏன்னா பருத்தி நூல் ஈரத்தை உறிஞ்சினா பலமாகும், காய்ஞ்சா பட்டுனு அறுந்துடும். நம்ம ஊர்ல குழித்தறி போட்டதுக்கு இதுவும் ஒரு காரணம். தரைக்குப் பக்கத்துல பாவு இருந்தா, மண்ணோட குளிர்ச்சி நூலைக் காப்பாத்தும்.

அப்புறம் மில் வந்தது. ராயபுரத்துக்கு மேற்கே, பெரம்பூர் பக்கம் 1870-களில் பக்கிங்காம் மில், 1880-களில் கர்நாடிக் மில். நம்ம பி அண்ட் சி மில். இயந்திரத் தறியில ஒரு நூல் அறுந்தா தறியை நிறுத்தணும், தறி நின்னா நஷ்டம். அதனால உலகம் முழுக்க நெசவு மில்லுகளில் செயற்கையா ஈரம் ஏத்தினாங்க. இங்கிலாந்தோட லங்காஷயர்ல கூடத்துக்குள்ள நீராவியையே விட்டாங்க.

நூலுக்கு அது நல்லது. ஆளுக்கு? வேர்வை காய்ஞ்சாதான் உடம்பு குளிரும். காத்துல ஏற்கெனவே ஈரம் நிறைஞ்சிருந்தா வேர்வை காயாது, சும்மா வழியும். தொழிலாளிகள் எதிர்த்தாங்க. 1889-ல பிரிட்டன்ல இந்த ஈரத்துக்கு வரம்பு கட்டி சட்டம் வந்தது. 1905-ல ஹால்டேன் என்ற விஞ்ஞானி, ஈரத்துணி சுத்தின தெர்மாமீட்டர் காட்டுற அளவுதான் முக்கியம்னு காட்டினார். காத்தோட்டம் இல்லாத இடத்துல அது சுமார் 31 டிகிரியைத் தாண்டினா, சும்மா உக்காந்திருக்கிற ஆளுக்கே உடம்புச் சூடு ஏறும்.

1918-ல பி அண்ட் சி தொழிலாளர்களை வெச்சு சென்னை தொழிலாளர் சங்கம் உருவாச்சு. வேலை நேரம், சாப்பாட்டு நேரம், மரியாதைன்னு பல பிரச்சினைகள். சுதந்திரத்துக்கு அப்புறம் வந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தோட 15-ஆவது பிரிவு முழுக்க செயற்கை ஈரத்தைப் பத்தினதா இருந்தது. ஈரத்தை அளந்து பதிவு பண்ணச் சொல்லி மாநில அரசு விதி போட அது இடம் கொடுத்தது. காத்துல தெளிக்கிற தண்ணியும் குடிதண்ணி மாதிரி சுத்தமா இருக்கணும்னு அது சொன்னது. ஏன்னா அது நேரா நுரையீரலுக்குப் போகுது.

பி அண்ட் சி 1996-ல மூடியாச்சு. ஆனா நான் சொல்ல வர்றது இதுதான். அந்தச் சட்டம் மில் கேட்டோட நின்னுடுச்சு. வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்தா, அங்க இருக்கிற ஈரத்தை யாரும் அளக்கலை. இன்னைக்கும் அளக்கறதில்லை.

ராயபுரத்துலயோ எண்ணூர்லயோ வாடகைக்கு இருந்தா ஓதம் ஏறின சுவரைப் பார்த்திருப்பீங்க. கடல் உப்பு சுவர்ல இறங்கியிருந்தா, ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது அந்த உப்பே காத்துலேர்ந்து தண்ணியை இழுக்கும். அதுக்கு மேல பெயின்ட் அடிச்சா கொப்புளிச்சு உரிஞ்சுடும். ஓதமும் பூஞ்சையும் இருக்கிற வீட்டுல இருமல், இழுப்பு, ஆஸ்துமா அதிகம்னு உலக சுகாதார நிறுவனம் 2009-லயே சொல்லியிருக்கு.

என்ன செய்யலாம்? சில நூறு ரூபாய்க்கு ஹைக்ரோமீட்டர் கிடைக்குது, படுக்கையறையில ஒண்ணு வைங்க. பைப் ஒழுகினா முதல்ல அதை அடைங்க. துணியை உள்ள காய வைக்காதீங்க. பீரோவைச் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வைங்க. சமையலறை, பாத்ரூம் ஆவியை வெளியே தள்ள ஒரு ஃபேன் போடுங்க. வீட்டுக்காரர்கிட்ட பேசும்போது "ஒரே ஓதமா இருக்கு"ன்னு மட்டும் சொல்லாம, ஒரு மாசக் கணக்கை எழுதிக் காட்டுங்க. மில்லுல நூலுக்காக எழுதின கணக்கை, நம்ம நுரையீரலுக்காக நாம எழுதலாம்.