காட்டுக்குள் கூட வர எந்த நாய் சரி? கேமரன் மலையிலேயே ஒரு பதில் இருக்கிறது

கேமரன் மலையில் காடேறப் போகிறவர்கள் கூட்டம் கூடிக்கொண்டே இருக்கிறது. அதோடு சேர்ந்து ஒரு கேள்வியும் வருகிறது: "காட்டுக்குள் கூட்டிப் போக, விலங்குத் தடம் கண்டுபிடிக்க, எந்த நாய் வாங்கலாம்?"

இணையத்தில் தேடினால் ஹஸ்கி, ஜெர்மன் ஷெப்பர்ட், மலினோய் என்று பட்டியல் வரும். அந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் குளிர்நாடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நம்ம காடு வேற. மழை, அட்டை, சேறு, பத்தடிக்கு மேல் பார்வை போகாத புதர் எல்லாம் சேர்ந்தது இது.

இந்தக் காட்டுக்கென்றே உருவான ஒரு நாய் உண்டு. அதன் பெயரே கேமரன் மலையில் ஓடும் ஓர் ஆற்றிலிருந்து வந்தது.

சுருக்கமாக:
- காட்டில் நாயின் பெயரைவிட உடல்வாகு முக்கியம். சிறிய உருவம், குட்டை முடி, நல்ல மூக்கு வேண்டும்.
- உரிமம் இல்லாமல் வேட்டையாடக்கூடாது. காட்டுப்பன்றிக்கும் இது பொருந்தும்.
- தடுப்பூசி போடாத நாய் காட்டுக்குள் போனால், அதன் நோயால் புலி கூடச் சாகலாம்.

தெலோமியன் என்றால் என்ன?

திரிங்காப், கோலா தெர்லா, கம்போங் ராஜா எல்லாம் உலு தெலோம் முக்கிமைச் சேர்ந்தவை. கேமரன் மலை மாவட்டத்தின் மூன்று முக்கிம்களில் மிகப் பெரியது இதுதான். தெலோம் ஆறு இந்த மலைகளில் தொடங்கி, ஜெலாய் ஆற்றோடு சேர்ந்து, கடைசியில் பகாங் ஆறாகிறது. அதன் கரையோரக் காடுகளில் செமாய் பூர்வக்குடி மக்கள் காலங்காலமாக வாழ்கிறார்கள்.

1963இல் ஓர்வில் எலியட் என்ற மானிடவியலாளர் தெலோம் ஆற்றுப் பக்கம் பூர்வக்குடியினரின் நாய்களைக் கவனித்தார். ஒரு ஜோடி அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்துக்குப் போனது. அங்கே ஜான் பால் ஸ்காட் என்ற விஞ்ஞானி நாய்களின் குணமும் பழக்கமும் எந்த அளவுக்குப் பரம்பரையாக வருகின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆற்றின் பெயரை வைத்து அந்த நாய்க்கு 'தெலோமியன்' என்று பெயர் வைத்தார்கள். மலேசியாவுக்கு வெளியே அறியப்பட்ட ஒரே மலேசிய நாய் இனம் என்று இதைத்தான் பொதுவாகச் சொல்கிறார்கள்.

பார்க்க எப்படி இருக்கும்? உயரம் சுமார் 38 முதல் 48 சென்டிமீட்டர், எடை 8 முதல் 13 கிலோ. குட்டை முடி, நிமிர்ந்த காது, பழுப்பு நிறம். சிலவற்றுக்கு முகம் கறுப்பாகவும், சிலவற்றுக்கு உடலில் வெள்ளைத் திட்டுகளும் இருக்கும். "இது நம்ம தோட்டத்து நாய் மாதிரிதானே இருக்கு" என்று உங்களுக்குத் தோன்றினால், அது தப்பில்லை.

அந்த உடலில் அப்படி என்ன விசேஷம்?

பூர்வக்குடி வீடுகள் காட்டு விலங்குகளுக்குப் பயந்து கால்களின் மேல் உயர்த்திக் கட்டப்பட்டவை. வீட்டுக்குள் போக வேண்டுமானால் நாயும் ஏணி ஏற வேண்டும். தெலோமியன் ஏறியது. முன்னங்கால்களால் பொருளைப் பிடித்துக்கொள்வதிலும் அது கெட்டிக்கார நாய் என்று குறிப்புகள் சொல்கின்றன. வீட்டில் இருந்த மரவள்ளிக்கிழங்கு, மீன், பழம் எதுவானாலும் சாப்பிட்டு வாழ்ந்தது.

அழகுக்காகவோ கண்காட்சிக்காகவோ யாரும் இதை உருவாக்கவில்லை. இந்தக் காட்டின் சூட்டையும் நோயையும் பசியையும் தாங்கியவை மட்டும் அடுத்த தலைமுறையைப் பெற்றன. மீந்த உடல்வாகுதான் இது. காட்டுக்கு நாய் தேர்ந்தெடுக்கும்போது நாமும் இதே கேள்விகளைத்தான் கேட்க வேண்டும்:

உருவம்: வேரும் பிரம்பு முள்ளும் நிறைந்த பாதையில் 10 கிலோ நாய் நுழைந்து போய்விடும். கால் அடிபட்டாலும் நீங்கள் அதைத் தூக்கிக்கொண்டு இறங்கலாம். 35 கிலோ நாயைத் தூக்கிக்கொண்டு ஈராவ் மலையிலிருந்து இறங்கிப் பார்ப்பதை யோசித்துப் பாருங்கள்.

முடி: நீண்ட முடியில் ஈரம் காயாது. அட்டையும் உண்ணியும் ஒளிந்துகொள்ளும், தேடிக் கண்டுபிடிப்பதே பெரிய வேலை.

சூடு: நாய்க்கு நம்மைப் போல உடல் முழுக்க வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் உடம்பைக் குளிர வைக்கும். காற்றில் ஈரம் அதிகமானால் அதுவும் சரியாக நடக்காது. திரிங்காப் குளுகுளு என்று இருக்கலாம். தெலோம் பள்ளத்தாக்கில் இறங்க இறங்க வெக்கை ஏறும். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி வரை. 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

சிப்பிப்பாறை வாங்கலாமா?

தமிழ் இளைஞர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி என்றால் நமக்கு ஒரு தனிப் பெருமைதான். 2005இல் இந்திய அஞ்சல் துறை உள்நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் இருந்தது.

ஆனால் சிப்பிப்பாறை கண்ணால் பார்த்து விரட்டும் நாய். கரிசல் பூமியில் தூரத்தில் ஒரு முயல் ஓடினால் அதைக் கண்ணால் பிடித்து, காற்றாய்ப் பறந்து துரத்தும். அதற்குத் தேவை வெட்டவெளி. கேமரன் மலையின் பாசிக் காட்டில் பத்தடி தள்ளி நிற்கும் விலங்கு கூடத் தெரியாது. அங்கே வேகத்துக்கு வேலையில்லை, மெல்லிய கால்கள் வேரில் மாட்டி முறியத்தான் வாய்ப்பு அதிகம். சிப்பிப்பாறை நல்ல நாய்தான். அதற்கு ஏற்ற நிலம் இது இல்லை, அவ்வளவுதான்.

தடம் பிடிப்பது மூக்கின் வேலை. மனித மூக்கில் வாசனையை உணரும் செல்கள் சுமார் 5 மில்லியன். நாய்க்கு இனத்தைப் பொறுத்து 100 முதல் 300 மில்லியன். ஈரமான, நிழலான, காற்று குறைந்த இடத்தில் வாசனை தரையோடு தங்கும். அந்த வகையில் நம்ம காடு மூக்குக்கு நல்ல காடுதான். பெருமழை பெய்தால் மட்டும் தடம் கரைந்து போகும்.

அதிலும் இரண்டு முறை உண்டு. ஒன்று, தரையில் மூக்கை வைத்துக் காலடி வாசனையைத் தொடர்வது. பீகல், பிளட்ஹவுண்ட் அப்படி. இன்னொன்று, தலையைத் தூக்கிக் காற்றில் வரும் மனித வாசனையைப் பிடிப்பது. காணாமல் போனவர்களைத் தேடும்போது இது அதிகம் பயன்படுகிறது. உலகெங்கும் மீட்புக் குழுக்கள் லாப்ரடோர், ஸ்பேனியல் வகைகளை விரும்புவதற்குக் காரணம் மூக்கு மட்டுமல்ல. அவை மனிதரோடு சேர்ந்து வேலை செய்யப் பிரியப்படும், அந்நியரைக் கடிக்காது.

2022 டிசம்பரில் பத்தாங் காலி முகாம் தளத்தில் நிலச்சரிவு ஏற்பட்டு 31 பேர் இறந்தபோது, தீயணைப்பு மீட்புத் துறையான போம்பாவின் கே9 நாய்கள் சேற்றுக்குள் தேடியது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தத் திறமை வெறும் இனத்தால் வந்ததில்லை. நாயும் பயிற்சியாளரும் சேர்ந்து நாள்தோறும் செய்த பயிற்சியால் வந்தது. "நல்ல இனம் வாங்கியாச்சு, இனி அதுவே தடம் பார்க்கும்" என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

பிரபல இனங்கள் இந்தக் காட்டில் எப்படி?

ஹஸ்கி: பனியில் வண்டி இழுக்கப் பிறந்த நாய். இரட்டை அடுக்கு முடியோடு நம்ம வெக்கையில் அதற்குப் பெரும்பாடு. கயிற்றை விட்டால் கூப்பிட்டாலும் திரும்பாமல் ஓடுவதும் அதன் குணம்.

மலினோய், ஜெர்மன் ஷெப்பர்ட்: புத்திசாலிகள், உழைப்பாளிகள். ஆனால் தினமும் பல மணி நேர வேலை கேட்பவை. வேலை கிடைக்காவிட்டால் வீட்டைப் பிரித்துப் போட்டுவிடும். இறக்குமதிக்கும் கட்டுப்பாடு உண்டு.

லாப்ரடோர்: மூக்கும் சரி, குணமும் சரி, குறை சொல்ல முடியாது. எடையும் சூடும்தான் பிரச்சினை. காலையில் தொடங்கி மதியத்துக்குள் முடிக்கும் நடைக்குப் போதும்.

பீகல்: 10 கிலோ அளவு, குட்டை முடி, அற்புதமான மூக்கு. அந்த மூக்கே வினையும் ஆகலாம். வாசனை பிடித்துவிட்டால் உங்கள் குரல் அதன் காதில் விழாது. நீண்ட கயிறு கட்டாயம்.

கம்போங் நாய்: தெலோமியனுக்கு மிக நெருக்கமான உடல்வாகு. சூடு தாங்கும், கால் உறுதி. குட்டியிலிருந்து பழக்கினால் மனிதரோடு நன்றாக ஒட்டிக்கொள்ளும்.

பன்றி வேட்டைக்குப் பேர்போன டோகோ அர்ஜென்டினோ வேண்டும் என்பவர்களுக்கு ஒரு தகவல்: மலேசியாவுக்குள் கொண்டுவரத் தடை செய்யப்பட்ட இனங்களில் அதுவும் ஒன்று. பிட் புல், அகிதா, தோசா, ஃபிலா பிரேசிலேரோ ஆகியவையும் அப்படித்தான். வாங்குவதற்கு முன் கால்நடைச் சேவைத் துறையிடம் கேட்டுவிடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 716, தீபகற்ப மலேசியாவுக்குப் பொருந்தும். பாதுகாக்கப்பட்ட விலங்கை வேட்டையாட பெர்ஹிலித்தான் தரும் உரிமம் வேண்டும். காட்டுப்பன்றியும் அந்தப் பட்டியலில் உண்டு. புலி, தாப்பிர், மலையாடு போன்றவை முழுப் பாதுகாப்பில் உள்ளவை. அவற்றைத் தொடவே கூடாது. "நாய்தான் பிடிச்சது, நான் ஒண்ணும் பண்ணலையே" என்ற சமாதானத்தை நம்பி இறங்காதீர்கள்.

அதே சட்டத்தின் 51ஆம் பிரிவு, பூர்வக்குடியினர் தங்கள் சொந்த உணவுத் தேவைக்காகக் குறிப்பிட்ட சில விலங்குகளை வேட்டையாட இடம் தருகிறது. ஊதுகுழலும் நாயுமாக ஒரு செமாய் முதியவர் காட்டுக்குள் போவதைப் பார்த்து, "அவர் போறாரு, நானும் போறேன்" என்று கிளம்ப முடியாது. அந்த உரிமை அவர்களுடையது.

உரிமம் இல்லாதவர்களுக்கும் தடம் பார்ப்பதில் நிறைய சுவாரஸ்யம் இருக்கிறது. குளம்புத் தடம், நகக் கீறல், சேற்றுக்குளியல் பள்ளம் எல்லாவற்றையும் படம் எடுங்கள், குறித்து வையுங்கள். நாயைக் கயிற்றில் பிடித்து, தூரத்தில் நின்று, அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

நாயால் காட்டுக்கு என்ன ஆபத்து?

பலரும் யோசிக்காத பகுதி இது. 2019 ஜூலையில் திரெங்கானு, டுங்குனில் கிராமத்துக்குள் வந்த ஒரு புலி பிடிபட்டது. 'அவாங் பெசுல்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். மனிதரைக் கண்டும் பயமில்லாமல் தள்ளாடி நடந்த அந்தப் புலி சில நாளில் இறந்தது. காரணம், நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ்.

2016 முதல் 2020 வரை நடந்த தேசிய கணக்கெடுப்பின்படி, காட்டில் மிஞ்சியிருக்கும் மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு. அப்படிப்பட்ட நிலையில் ஒரு நாயிடமிருந்து பரவும் நோய் சின்ன விஷயமில்லை. டிஸ்டெம்பருக்குத் தடுப்பூசி இருக்கிறது. சாதாரண கால்நடை கிளினிக்கிலேயே போடுவார்கள்.

கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை

அனுமதி: எந்தப் பாதைக்கு அனுமதிச் சீட்டு தேவை, நாய்க்கு இடம் உண்டா என்று வனத்துறையிடம் முன்கூட்டியே கேளுங்கள். நாய்க்கு உள்ளூர் மன்ற உரிமமும் இருக்கட்டும்.

தடுப்பு மருந்து: டிஸ்டெம்பர், பார்வோ, எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோ ஆகியவற்றுக்குத் தடுப்பூசி. கூடவே உண்ணி, இதயப்புழு மருந்து.

அட்டை: விரல் இடுக்கு, காது, மூக்குத் துளை மூன்றையும் ஓய்வெடுக்கும்போதெல்லாம் பாருங்கள். மூக்குக்குள் நுழைந்துவிட்டால் நீங்களே இழுக்காமல் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

கம்பிக் கண்ணி: திருட்டு வேட்டைக்காரர்கள் வைத்த கண்ணியில் நாயும் மாட்டும். கயிற்றை விடாததற்கு இது இன்னொரு காரணம். கண்ணியைக் கண்டால் இடத்தைக் குறித்து பெர்ஹிலித்தானுக்குச் சொல்லுங்கள்.

மற்ற நடையர்கள்: நம்ம நாட்டில் நாயைத் தொடாதவர்கள் நிறைய பேர். எதிரே ஆள் வந்தால் கயிற்றைச் சுருக்கி, ஓரமாக ஒதுங்கி வழிவிடுங்கள். வழிகாட்டியிடமும் நாய் வருவதை முன்பே சொல்லிவிடுங்கள்.

அப்படியானால் தெலோமியன் வாங்கலாமா?

நேரடிப் பதில்: கடையில் கிடைக்காது. உலக நாய்ச் சங்கமான எஃப்சிஐ அங்கீகரித்த இனப் பட்டியலில் தெலோமியன் இல்லை. "ஒரிஜினல் தெலோமியன், சர்டிபிகேட்டோடு" என்று யாராவது விலை சொன்னால் பணத்தை எடுக்காதீர்கள். பூர்வக்குடி கிராமத்துக்குப் போய்க் குட்டி கேட்பதும் வேண்டாம். அங்கே நாய் வீட்டுக்குக் காவல், காட்டுக்குத் துணை.

அதற்குப் பதிலாக, பக்கத்து விலங்குக் காப்பகத்துக்குப் போய்ப் பாருங்கள். 10, 12 கிலோவில், குட்டை முடியோடு, நிமிர்ந்த காதோடு, யாரும் கூட்டிப் போகாத பழுப்பு நாய்கள் அங்கே காத்திருக்கும். கால்கள் நேராக இருக்கிறதா, புதிய சத்தம் கேட்டால் நடுங்கி ஒளிகிறதா, எட்டிப் பார்க்கிறதா, உங்கள் கையில் ஒளித்த பிஸ்கட்டை மூக்கால் தேடுகிறதா என்று கவனியுங்கள். எட்டிப் பார்த்து, விடாமல் தேடுகிற நாயைத் தேர்ந்தெடுங்கள். முதல் மாதம் தேயிலைத் தோட்டத்துச் சாலையில் நடக்கப் பழக்குங்கள். கூப்பிட்டால் ஒவ்வொரு முறையும் திரும்பி வருகிறதா? அதற்குப் பிறகு காட்டைப் பற்றி யோசிக்கலாம்.